கதவுக்குப் பின்னால் இருந்த ஆணி

எழுதத் தெரியாதவள் எழுத உட்கார்ந்திருக்கிறேன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. அதற்குப் பிறகு தமிழில் நான் எழுதியதெல்லாம் ஊருக்குப் போட்ட கடிதங்கள்தான். வீட்டுக்கு போன் வந்ததும் அதுவும் நின்றுபோனது. பேச்சும் எனக்கு வராது. காய்காரர் அழுகின தக்காளியைப் போட்டுக் கொடுத்தாலும் வாயைத் திறக்காமல் வாங்கி வந்துவிடுவேன். அப்படிப்பட்டவள் நாலு பேர் படிக்க எழுதுவது எனக்கே கூச்சமாக இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை, மராட்டிக்காரர்கள் ஊரான சிஞ்ச்வட்டில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில், இங்கே சொல்வதுபோல சொசைட்டியில், ஒரு கூட்டம் நடந்தது. மொட்டை மாடியில் டவர் வைக்க ஒரு மொபைல் கம்பெனி கேட்டிருந்தது. வைக்கலாம் என்று பாதிப் பேர், வைத்தால் கதிர்வீச்சு வரும், குழந்தைகளுக்கு ஆகாது என்று பாதிப் பேர். சத்தம் கூடிக்கொண்டே போனது. அப்போது கீழ்வீட்டுக்காரர் என்னைக் கைகாட்டி, "இவங்க வீட்டுக்காரர் ரேடியேஷனோடவே வேலை பார்த்தவர், இவங்களைக் கேளுங்க" என்று இந்தியில் சொல்லிவிட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் அன்று டியூட்டிக்குப் போயிருந்தார். நான் எழுந்து, எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

டவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் சொல்வதற்கு ஒன்று இருந்தது. வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போது அது வரிசையாக நினைவுக்கு வந்தது. எனக்கு எப்போதும் இப்படித்தான், கூட்டம் கலைந்த பிறகுதான் பேச்சு வரும். அதைத்தான் இங்கே எழுதுகிறேன், அந்தக் கூட்டத்தில் இருந்த யாராலும் படிக்க முடியாத மொழியில்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் இதற்குப் பக்கத்தில், பட்டறைகள் நிறைந்த போசரியில் இருந்தோம். ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாக வீடுகள்; இங்கே அதைச் சால் என்பார்கள். எங்களுக்கு ஒரு அறை, அதன் ஓரத்திலேயே சமையல் மேடை. வீட்டுக்காரம்மா நல்லவள்தான், ஆனால் சுவரில் ஆணி அடிக்க விடமாட்டாள். பூச்சு உதிர்ந்துவிடும் என்பாள். கதவுக்குப் பின்னால், எங்களுக்கு முன்பு இருந்தவர்கள் அடித்துவிட்டுப் போன ஆணி ஒன்று இருந்தது. எங்கள் வீட்டில் தொங்கவேண்டியதெல்லாம் அந்த ஒரே ஆணியில்தான் தொங்கியது. குடை, காய்கறிப் பை, குழந்தையின் பள்ளிக்கூடப் பை, அவருடைய கம்பெனிச் சட்டை. கதவை முழுதாகத் திறந்தால் எல்லாம் சேர்ந்து சுவரோடு நசுங்கும்.

அவர் ஒரு வார்ப்புப் பட்டறையில் வேலை பார்த்தார். பெரிய பெரிய குழாய்களுக்கான வால்வுகள் அங்கே வார்த்தார்கள். வார்த்த இரும்புக்குள் காற்றுக் குமிழி இருந்தால் வெளியிலிருந்து தெரியாது. ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் பிடிப்பதுபோல இரும்பைப் படம் பிடித்துப் பார்ப்பார்கள். அதுதான் அவர் வேலை. அதற்கான கருவியைக் கேமரா என்பார்கள். பார்த்தால் கேமரா மாதிரி இருக்காது, இரண்டு கையாலும் தூக்கவேண்டிய கனமான பெட்டி. அதற்குள் பென்சில் முனை அளவுக்குக் கதிர் விடும் ஒரு உலோகத் துண்டு. தடித்த சுவர் வைத்த அறைக்கு வெளியே நின்றுகொண்டு கைப்பிடியைச் சுற்றினால், அந்தத் துண்டு ஒரு குழாய் வழியாக இரும்புக்குப் பக்கத்தில் போய் நிற்கும். திருப்பிச் சுற்றினால் பெட்டிக்குள் வந்துவிடும். அது வெளியே இருக்கும்போது யாரும் உள்ளே போகக் கூடாது, சிவப்பு விளக்கு எரியும். இவ்வளவுதான் எனக்கு அவர் சொன்னது. வேலை முடிந்து வரும்போது அவர் விரல்களில் படம் கழுவும் மருந்தின் புளித்த நாற்றம் இருக்கும். சோற்றைப் பிசையும்போதும் போகாது.

அந்த வேலை செய்பவர்களுக்குச் சட்டைப் பையில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜ் கொடுப்பார்கள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைப் பம்பாய்க்கு அனுப்பி, எந்த ஆள்மேல் எவ்வளவு கதிர் பட்டது என்று பார்ப்பார்கள். பஸ்ஸில் அதைப் பார்த்து அவரை ஏதோ ஆபீசர் என்று நினைத்து இடம் கொடுத்தவர்கள் உண்டு. நான் முதலில் அதை ஒரு காப்பு என்றுதான் நினைத்தேன். சட்டை துவைக்கும்போது அதைக் கழற்றி சாமிப் படத்துக்குக் கீழே வைத்திருந்தேன். அவர் பார்த்துச் சிரித்தார்.

"இது காப்பாத்துகதுக்கு உள்ளதில்ல பிள்ளே. பட்டத எண்ணுகதுக்கு உள்ளது."

பேட்ஜை வேலை முடிந்ததும் கம்பெனியிலேயே வைத்துவிட்டு வர வேண்டும் என்பது விதி. அதற்கென்று ஆபீசுக்குள் ஒரு மரத்தட்டு இருந்தது. ஆனால் ஆபீஸ் ஐந்தரைக்குப் பூட்டிவிடும், எக்ஸ்ரே ஆட்கள் வேலை முடிந்து கை கழுவும்போது ஏழாகிவிடும். அதனால் எல்லோரும் சட்டையிலேயே குத்திக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். பல வருடமாக அப்படித்தான். அதைப் பற்றி ஆபீசில் யாரும் கேட்டதில்லை, இவர்களும் சொன்னதில்லை.

அந்த வருடம் அவருக்கு வலது தோளில் வலி வந்தது. கைப்பிடி சுற்றிச் சுற்றி வந்ததாக இருக்கலாம், கேமராவைத் தூக்கியதாலும் இருக்கலாம். கல்லுப்பை வாணலியில் வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுப்பேன். மே மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அவருடைய அக்கா அதைப் பார்த்துவிட்டார். எங்கள் ஊர் கன்னியாகுமரிப் பக்கம் கடலோரம். அங்கே சில இடங்களில் மணல் வெள்ளையாக இருக்காது, கறுப்பும் சிவப்பும் கலந்து, அள்ளினால் கை தாழும்படி கனமாக இருக்கும். வாத வலிக்கு அதைச் சூடாக்கி ஒத்தடம் கொடுப்பது அந்தப் பக்கத்து வழக்கம். உப்பின் சூடு அடுப்பிலிருந்து ஆள்வரைக்கும் நிற்காது, இந்த மண்ணு நின்று வேலை செய்யும் என்று சொல்லி, அலை ஒதுக்கிய கறுப்பு மண்ணாகப் பார்த்து அக்காவே அள்ளிக் கொடுத்தார். ரயிலில் அந்தப் பை என் காலடியில் வந்தது. போசரிக்கு வந்து, அவருடைய பழைய காக்கிப் பேண்டை வெட்டி இரட்டையாகத் தைத்து, மண்ணை நிரப்பி, மேலே ஒரு கயிறும் வைத்தேன். தோசைக்கல்லில் வைத்துத் திருப்பினால் நன்றாகச் சூடேறும். அக்கா சொன்னது சரிதான், சாப்பிட்டு முடிக்கும்வரை சூடு நிற்கும். வேலை முடிந்ததும் கயிற்றைப் பிடித்து ஆணியில் மாட்டிவிடுவேன். வேறு இடம் எங்கே இருக்கிறது?

மழைக்காலம் முடிந்து தீபாவளி நெருங்கும்போது பம்பாயிலிருந்து பதில் வந்தது. எல்லோருடைய பேட்ஜும் எப்போதும்போல. இவருடையது மட்டும் அளவுக்கு மேலே.

முதல் நாள் அவர் என்னிடம் சொல்லவில்லை. இரண்டாம் நாள், எக்ஸ்ரே ரூமுக்குப் போகவேண்டாம், கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்டோரில் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். மூன்றாம் நாள்தான் எதற்கென்று சொன்னார். ரத்தம் எடுத்துப் பம்பாய்க்கு அனுப்பியிருந்தார்கள். பதில் வர வாரக்கணக்கில் ஆகுமாம். எவ்வளவு பட்டிருக்கிறது என்று கேட்டேன். ஒரு எண் சொன்னார். எனக்குப் புரியவில்லை. அவருக்கும் அந்த எண்ணைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

மானேஜர் அவரைக் கூப்பிட்டுப் பேசியதை அவர் துண்டு துண்டாகத்தான் சொன்னார். இரண்டு வழிதான் இருக்கிறது என்றாராம் மானேஜர். ஒன்று, நிஜமாகவே அவ்வளவு கதிர் உன்மேல் பட்டிருக்கிறது. அப்படியென்றால் அந்த அறையை மூடி விசாரணை வரும், நீ இனி அந்த வேலை செய்ய முடியாது, உன்னோடு இருப்பவர்களுக்கும் வேலை நிற்கும். இரண்டாவது, நீ பேட்ஜைக் கழற்றி அறைக்குள் வைத்துவிட்டு மறந்துபோய்க் கேமராவைத் திறந்திருக்கிறாய். அப்படியென்றால் ஒரு எச்சரிக்கையோடு முடிந்துவிடும். எது என்று யோசித்துச் சொல்.

லேசான வேலை வேண்டும் என்பதற்காகப் பேட்ஜை வேண்டுமென்றே அறைக்குள் போட்டுவைக்கும் ஆட்கள் சில இடங்களில் இருந்தார்களாம். இவருக்குத் தோள் வலி என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் மானேஜர் அதையும் சேர்த்துச் சொல்லிக் காட்டியிருக்கிறார். இவர் அப்படி எதுவும் செய்யவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

கூட வேலை பார்த்தவர்கள் வீட்டுக்கே வந்தார்கள். ஒரு வார்த்தைதானே, மறந்து வைத்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிடு, எல்லோரும் பிழைத்துப்போவோம் என்றார்கள். கூடவே இன்னொன்றும் கேட்டுக்கொண்டார்கள். பேட்ஜை வீட்டுக்குக் கொண்டுபோகிறோம் என்பதை மட்டும் வாய்விட்டுச் சொல்லிவிடாதே, அது எல்லோருடைய கழுத்துக்கும் வரும். அவர் இரண்டாவதற்குத் தலையாட்டினார். முதலாவதற்கு ஆட்டவில்லை.

நானும் கேட்டேன். அவர்கள் போன பிறகு, குழந்தை வெளியே விளையாடிக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"சொல்லிருங்களேன். மறந்து வச்சிட்டேன்னு சொன்னா என்ன கொறஞ்சு போகுது?"

"செய்யாத்தத செய்தேன்னு எப்படிப் பிள்ளே சொல்லுகது?"

"நெசமாட்டே வைக்கலியா? ஒருநாளாவது மறந்து வச்சிருக்க மாட்டியளா?"

அவர் என்னைப் பார்த்தார். "நீயும் நம்பேல்ல, இல்லியா?"

நம்பாமல் இல்லை. இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். அவர் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். அவர் சோம்பேறித்தனமாகப் பேட்ஜை எங்கேயோ போட்டிருக்கிறார், இப்போது மறைக்கிறார் என்றால் அவர் உடம்புக்கு ஒன்றும் இல்லை. அவர் சொல்வது உண்மை என்றால் அந்த எண் முழுவதும் அவருக்குள் இருக்கிறது. கம்பெனி அவரைப் பொய்யர் என்று சொல்லும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அவர் இல்லை என்று சொல்லும்போதெல்லாம் அந்த ஆறுதலும் போனது. நான் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவர் என்னிடம் பொய் சொன்னதில்லை. 

சாலில் செய்தி பரவ நாள் ஆகவில்லை. பக்கத்து வீட்டு மராட்டிக்கார வஹினி எனக்கு நல்ல சிநேகிதி; வஹினி என்றால் அண்ணி, இங்கே கல்யாணமானவர்களை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். குழாயடியில் எல்லோர் முன்னாலும், "என்ன வஹினி, இப்போ உங்க வீட்ல லைட் போட வேண்டாமாமே, அவரே மின்னுறாராமே" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அடுத்த நாளிலிருந்து அவள் மகன் எங்கள் வீட்டுக்கு டி.வி. பார்க்க வரவில்லை. என் மகள் அவர்கள் வாசலில் போய் நின்று கூப்பிட்டால், அவன் தூங்குகிறான் என்று பதில் வரும். சாயங்காலம் ஐந்து மணிக்கு எந்தப் பிள்ளை தூங்கும்? என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. அவன் ஏன் எப்போதும் தூங்குகிறான் என்று என்னைக் கேட்டாள்.

அவரும் மாறிவிட்டார். முன்பு வேலையிலிருந்து வந்ததும் பிள்ளையைத் தோளில் தூக்கி உட்கார வைப்பார், வலிக்கிற தோள் என்றாலும். இப்போது அவள் ஓடிவந்தால் கைகால் கழுவிவிட்டு வருகிறேன் என்று போய், வெகுநேரம் கழித்து வந்து, பேப்பரை விரித்துக்கொள்வார். எங்கள் மூவருக்கும் ஒரே பாய்தான், பிள்ளை நடுவில் படுப்பாள். அவர் தனியாக ஒரு விரிப்பை எடுத்துக்கொண்டு கதவோரம் போய்ப் படுத்துக்கொண்டார். காற்று வருகிறது என்றார். தகரக் கூரை வீட்டில் அடைத்த கதவுக்குப் பக்கத்தில் என்ன காற்று வரும்?  தோளுக்கு மட்டும் தினமும் ஒத்தடம் கேட்பார். நான் மண் மூட்டையைச் சூடாக்கிக் கொடுப்பேன், அவர் வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். ஆறியதும் அவரே எழுந்து ஆணியில் மாட்டுவார். அதற்குக் கீழேதான் படுப்பார்.

ஒருநாள் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போய்விட்டார். நான் எடுத்துக்கொண்டு கம்பெனி கேட்டுக்குப் போனேன். அவரை உள்ளே ஏதோ எடுத்துவர அனுப்பியிருந்தார்கள். பாதுகாப்புக்குப் பொறுப்பான இன்ஜினியர் அப்போது கேட்டில் நின்றிருந்தார். முப்பது வயதுகூட இருக்காது, மராட்டிக்காரப் பையன், எப்போதும் தூக்கம் போதாத முகம். நான் யார் என்று தெரிந்ததும் நின்று பேசினார். அறை முழுவதும் அளந்து பார்த்துவிட்டேன், கேமராவைப் பார்த்துவிட்டேன், சுவரைப் பார்த்துவிட்டேன், எதிலும் குறை இல்லை, மற்றவர்கள் பேட்ஜும் சரியாக இருக்கிறது, உங்கள் வீட்டுக்காரர் மட்டும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார் என்று இந்தியில் சொன்னார். திட்டுவதுபோல இல்லை. அலுத்துப்போனவர் சொல்வதுபோல இருந்தது. பிறகு, "பேட்ஜ் விஷயத்தில் அவர் கொஞ்சம் அஜாக்கிரதைதானே வஹினி?" என்று கேட்டார்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. என் அரைகுறை இந்தியில், "இல்ல சாஹேப். வீட்டுக்கு வந்தாக்கூட சட்டையோட ஆணியிலதான் மாட்டுவார். புள்ளைய தொட விடமாட்டார்" என்று சொல்லிவிட்டேன்.

 "வீட்டுக்கா?" என்று மட்டும் கேட்டார். அப்போதுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்குப் புரிந்தது. டப்பாவை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன். பஸ்ஸுக்கு நிற்கவும் தோன்றவில்லை, நடந்தே வந்துவிட்டேன்.

அன்று மாலை அவர் வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்டார். "எதுக்குப் பிள்ளே சொன்னே?" அவ்வளவுதான்.  அன்று அவர் ஒத்தடமும் கேட்கவில்லை.

போசரியில் பட்டறைகளுக்கு வியாழக்கிழமைதான் விடுமுறை, அன்று பட்டறைகளுக்கு மட்டும் மின்சாரம் இருக்காது. அடுத்த வியாழக்கிழமை காலையில் இன்ஜினியர் ஸ்கூட்டரில் வந்தார். கையில் கதிரை அளக்கும் ஒரு மஞ்சள் பெட்டி, மேலே முள் ஆடும் கண்ணாடி. வீட்டில் இரண்டு நாற்காலிதான், ஒன்றில் துணி கிடந்தது. அவசரமாக அள்ளினேன். அவர் உட்காரவில்லை. சாயா மட்டும் போதும் வஹினி என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் திருகினார். அது மெதுவாக டிக், டிக் என்றது.

 எங்கள் வீட்டில் எங்கிருந்து இது வருகிறது என்று கேட்டேன். எங்கிருந்தும் இல்லை, எல்லா இடத்திலும் இப்படித்தான் டிக் என்னும் என்றார். மண்ணில் இருக்கிறது, கல்லில் இருக்கிறது, வானத்திலிருந்து வருகிறது, நாம் சாப்பிடும் சாப்பாட்டிலும் துளி இருக்கிறது. என் வீட்டில் வைத்தாலும் இதே சத்தம்தான். நான் அது எப்போது நிற்கும் என்று கேட்டேன். முட்டாள்தனமான கேள்விதான். அவர் சிரிக்காமல், "நிக்காது வஹினி" என்றார்.

சமையல் மேடைக் கல்லில் வைத்துப் பார்த்தார். கொஞ்சம் கூடியது, கல் என்றால் அப்படித்தான் இருக்கும் என்றார். கடிகாரத்தைப் பார்த்தார், டி.வி.யைப் பார்த்தார், பிள்ளையின் பொம்மைகளைக்கூட விடவில்லை. என் வீட்டுக்காரர் சுவரோரம் கைகட்டி நின்றிருந்தார், கோர்ட்டில் நிற்பவர்போல. வாசலில் சால் முழுவதும் கூடிவிட்டது. முன்னால் நின்றது பக்கத்து வீட்டு வஹினிதான்.

பேட்ஜை எங்கே மாட்டுவீர்கள் என்று கேட்டார். என் வீட்டுக்காரர் கதவைக் காட்டினார். இன்ஜினியர் கதவைச் சாத்திவிட்டுப் பெட்டியை ஆணிக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். டிக் டிக் என்று இருந்தது ஒன்றாகச் சேர்ந்து, எண்ணெயில் கடுகு பொரிவதுபோல ஆனது.

 அவர் சட்டையை எடுத்துத் தூரமாக வைத்தார். சத்தம் குறையவில்லை. குடையை எடுத்தார். பள்ளிக்கூடப் பையை எடுத்தார், எனக்கு உயிர் போய் வந்தது; அப்போதும் குறையவில்லை. கடைசியில் ஆணியில் காக்கி மூட்டை மட்டும் தொங்கியது.

"இது என்ன?"

"மண்ணு" என்றேன்.

"எந்த மண்ணு?"

"எங்க ஊர் மண்ணு. தோள் வலிக்கு."

அவர் மூட்டையைக் கழற்றி, வாசலில் நின்றவர்களை விலகச் சொல்லிவிட்டு, வெளியே குழாயடித் திண்டில் கொண்டுபோய் வைத்தார். பெட்டியை அங்கே வைத்தால் பொரிந்தது. உள்ளே வந்து வெறும் ஆணியில் வைத்தால் மெதுவாக டிக், டிக். இரண்டு தடவை அப்படிப் போய் வந்தார். பிறகு முதல்முறையாக நாற்காலியில் உட்கார்ந்து, தலையில் கைவைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். கடலோரம் சில இடத்து மணலில் இயற்கையாகவே கதிர் விடும் தாது உண்டு என்று படித்திருக்கிறேன், அது போசரியில் ஒரு கதவுக்குப் பின்னால் தொங்கும் என்று யார் நினைத்தார்கள் என்றார். வேலை முடிந்து வந்ததிலிருந்து காலைவரை, விடுமுறை நாளெல்லாம், அந்தப் பேட்ஜ் சட்டையோடு மூட்டைமேல் ஒட்டிக்கொண்டு கிடந்திருக்கிறது. அது எண்ணியது பட்டறையை அல்ல, எங்கள் மூட்டையை.

என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. அவர் இந்தியில் நிறுத்தி நிறுத்திக் கேட்டார். "அப்போ நான் பொய் சொல்லல. சரிதானே சாஹேப்?"

இன்ஜினியர் சிரிப்பை நிறுத்திவிட்டு எழுந்து நின்று, மராட்டியில் அண்ணன் முறை சொல்லிக் கூப்பிட்டார். "இல்ல பாவூ. நீங்க பொய் சொல்லல."

உடம்புக்கு என்ன என்று நான் கேட்டேன். அதைக் கேட்கத்தான் எனக்கு வாய் இருந்தது. மூட்டையை ஒட்டிக் கிடந்தது பேட்ஜ்தான், நீங்கள் இல்லை, ஒத்தடம் வைத்த நேரம் கொஞ்ச நேரம், பயப்படவேண்டாம் என்றார். ஆனாலும் இனி இதை உடம்பில் வைக்கவேண்டாம், பிள்ளை இருக்கும் வீட்டில் வைக்கவும் வேண்டாம் என்றார். அவர் கதவோரம் படுத்ததை நான் சொல்லவில்லை.

அப்போது என் வீட்டுக்காரர் இன்னொன்று கேட்டார். அவருடைய அக்கா வீடு அந்த மண்மேல்தான் இருக்கிறது. அக்காவின் பிள்ளைகள் அதில்தான் புரண்டு விளையாடுகிறார்கள். அவரே அதில் விளையாடி வளர்ந்தவர். அவர்கள் சட்டையில் யாரும் பேட்ஜ் குத்தவில்லை. அவர்களுக்கு என்ன? இன்ஜினியர் பெட்டியை அணைத்தார். "அங்கே ஜனங்கள் தலைமுறை தலைமுறையா இருக்காங்க, பாவூ. அதுக்கு மேல எனக்குத் தெரியாது" என்றார். டவர் கூட்டத்துக்குப் பிறகு எனக்கு நினைவு வந்தது இந்தப் பதில்தான். படித்தவர் ஒருவர் தெரியாது என்று சொன்னதை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

மூட்டையைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, பம்பாய்க்குக் காட்டவேண்டும் என்று சொல்லி ஸ்கூட்டரின் முன்னால் வைத்து எடுத்துக்கொண்டு போனார். பக்கத்து வீட்டு வஹினி உள்ளே வந்து, நல்லவேளை, நல்லவேளை என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். சாயங்காலம் அவள் மகன் டி.வி. பார்க்க வந்தான். என் மகள் அவனைப் பார்த்து, தூங்கி முடிச்சாச்சா என்று கேட்டாள்.

என் வீட்டுக்காரர் கதவோர விரிப்பை மடித்துத் துணிப்பெட்டிமேல் வைத்தார். எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் அக்காவுக்குப் போன் செய்துவிட்டு வந்தார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். தோள் எப்படி இருக்கு, மண்ணு போதுமா, இன்னும் கொடுத்துவிடவா என்று அக்கா கேட்டாராம். போதும் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன் என்றார். அக்காவின் வீட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் அக்கா வீட்டை எங்கே தூக்கிக்கொண்டு போவார் என்றார்.

பிறகு பிள்ளையைத் தூக்கி வலிக்கிற தோளில் உட்கார வைத்துக்கொண்டார். அவள் கனத்துப்போயிருந்தாள்.

மறுநாள் காலை அவர் வழக்கம்போல வேலைக்குப் போனார். ரத்தத்தின் பதில் வருவதற்கு முன்பே அவர்மேல் குற்றம் இல்லை என்று எழுதிவிட்டார்கள்; பின்னால் வந்த பதிலிலும் ஒன்றும் இல்லை. ஆனால் பேட்ஜை வீட்டுக்குக் கொண்டுபோனதற்காக எக்ஸ்ரே ஆட்கள் எல்லோரையும் கூப்பிட்டுத் திட்டியிருந்தார்கள், அதனால் இவரோடு நிற்க யாருக்கும் விருப்பமில்லை. இவர் இடத்தில் வேறு ஆளையும் போட்டிருந்தார்கள். இவரை வார்ப்பைத் தேய்த்து வழவழப்பாக்கும் கிரைண்டிங்குக்கு அனுப்பினார்கள். சாயங்காலம் தோள் வலிக்கிறது என்றார். கல்லுப்பு வறுத்து ஒத்தடம் கொடுத்தேன். சீக்கிரம் ஆறிவிட்டது.